சிவப்பு மூடி டின்

பசுமலை, மதுரை
7 பிப்ரவரி 2025, வெள்ளி

வசுவுக்கு,

ஒரு வாரமாகப் போனை எடுக்காதவளிடம் வேறு எப்படிப் பேசுவது என்று தெரியாமல் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் நாம் பேசுவதும் சண்டை போடுவதும் சௌராஷ்ட்ரத்தில்தான். எழுத உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் தமிழ்தான் வருகிறது. தமிழில் எழுதினால் கொஞ்சம் மரியாதையாவது வருகிறதா, பார்க்கலாம்.

நீ காவ்யஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு பரமக்குடிக்கு, உன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறியதற்கு என் கிளாஸ்தான் காரணம் என்று தெரியும். தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரே ஒரு கிளாஸ். அறுபது மில்லி, ஜிக்கர் அளவுக் கிண்ணத்தில் அளந்து. இருபது வருஷம் காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் அளவு பார்த்த கை, ஒரு சொட்டு கூடிப்போகாது. டாஸ்மாக் வாசலில் நின்று குவார்ட்டரை வாயில் கவிழ்க்கிறவனும், தண்ணீரை இரண்டு தரம் கொதிக்கவைத்துத் தெளிவாக ஐஸ் பிடித்து, பாகு காய்ச்சி, ஓல்டு ஃபேஷண்ட் காக்டெயில் ஒன்றை முக்கால் மணி நேரம் வைத்துக் குடிக்கிறவனும் உனக்கு ஒன்றுதான். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

இன்னொரு சின்ன வருத்தம். போகிற அவசரத்தில் அடுப்படி மேடையிலிருந்த சிவப்பு மூடி டின்னை ஏன் தூக்கிக்கொண்டு போனாய்? இட்லிப் பொடி என்று எடுத்திருப்பாய். அதில் இருந்தது கொடைக்கானல் ஆரஞ்சுத் தோல். நீ 'கஷாயம்' என்று கிண்டல் செய்வாயே, அந்தக் கசப்புச் சாறு பிட்டர்ஸுக்காக மொட்டைமாடியில் பன்னிரண்டு நாள் காக்கை விரட்டிக் காயவைத்தது. கடையில் கிடைக்காததால்தானே நிலவேம்பையும் சுக்கையும் தோலையும் விஸ்கியில் ஊறப்போட்டு நானே செய்துகொள்கிறேன். நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம்தான் பொடியை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றிவிட்டு, டின்னைக் கழுவித் துடைத்துத் தோலைப் போட்டு வைத்தேன். உன்னிடம் சொல்ல மறந்துபோனேன். அது என் தப்பு.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். வசு, எனக்குப் பயமாக இருக்கிறது. நீ இருக்கும்போது மூன்று தடவை வந்ததே, அது நீ போன பிறகும் இரண்டு தடவை வந்தது. கிளாஸில் கால்வாசி இறங்கியதும் முகம் எரிகிறது, காதுவரை சிவந்துபோகிறது. நெஞ்சு வெளியே கேட்கிற அளவுக்கு அடித்துக்கொள்கிறது. மூச்சு பாதியில் நிற்கிறது, பிறகு வாந்தி. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை, டென்ஷன் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வந்தபோது வாசல் தாழ்ப்பாளை நீக்கிவிட்டுத்தான் படுத்தேன். ஏதாவது ஆகிவிட்டால் கீழ் வீட்டு கனகா அக்கா கதவை உடைக்க வேண்டாமே என்று.

அன்றிலிருந்து தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கூட்டாளி முத்துக்குமரன் சமயநல்லூரிலிருந்து வருகிறான். அவன் பெண்டாட்டி ஜெயக்கொடி தாய்வீட்டுக்குப் போகிறாளாம், நாள் முழுக்க இங்கேதான். சாயங்காலம் அவனுக்கு ஒரு விஸ்கி சவர் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நான் ஒரு வாய் மட்டும் வைத்துப் பார்ப்பேன். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, இட்லி மாவு கடையில் கிடைக்கிறது. உன் கைப்பொடி தீரும்வரை என் பிழைப்பு ஓடிவிடும்.

காவ்யா ஹோம்வொர்க் எழுதுகிறாளா?

பாபு


பரமக்குடி
10 பிப்ரவரி 2025, திங்கள்

காவ்யாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. படித்த உடனே போன் செய்தேன். ஏழு தடவை. ஸ்விட்ச் ஆஃப் என்றே வருகிறது. பிறகு கனகா அக்காவுக்குச் செய்தேன்.

"ஒனக்கு விஷயமே தெரியாதா வசு? நேத்து சாயந்தரம் ஒங்க மாடியில அந்த முத்துக்குமரன் தம்பி மயங்கி விழுந்துருச்சு. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிட்டுப் போனாங்க. ஒங்க வீட்டுக்காரரும் கூடப் போனவருதான், இன்னும் வீடு திரும்பலை. சாவி அவருகிட்டதான் இருக்கு" என்றார்கள்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

முதலில் ஒன்று. அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிற பொடியைச் சாப்பிட வேண்டாம். கொட்டிவிடுங்கள். உளுந்தில் வண்டு இருந்தது, வறுத்து அரைத்த பிறகுதான் கவனித்தேன். பாட்டிலையும் சேர்த்து எறிந்துவிடுங்கள். முத்து அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பொடியைச் சாப்பிட்டாரா? எவ்வளவு சாப்பிட்டார்? வேறு எதுவும் எழுதாவிட்டாலும் இதை மட்டும் எழுதுங்கள். அவர் எப்படி இருக்கிறார் என்பதையும்.

நான் ஏன் போன் எடுக்கவில்லை என்றால், என் குரல் உங்களுக்கு நன்றாகத் தெரியும். எழுத்தில் கொஞ்சம் ஒளிந்துகொள்ளலாம். கோபத்தில் போனேன் என்று நினைக்கிறீர்கள். கோபம் இருந்தது. ஆனால் கோபத்தில் மட்டும் போகவில்லை.

என் அப்பாவும் ஏழு மணிக்கு ஒரு கிளாஸில்தான் ஆரம்பித்தார். சேலை வியாபாரம் நன்றாக நடந்த காலம், சீமைச் சரக்கு, நல்ல கண்ணாடிக் கிளாஸ். நான் அப்போது நாலாவது படித்தேன். பத்தாவது வரும்போது கிளாஸ் இல்லை, பாட்டில்தான். உங்கள் கிளாஸில் ஆரஞ்சுத் தோல் மிதக்கிறது, அப்பாவுடையதில் அது இல்லை. நேரம் மட்டும் ஒன்றுதான். அடுப்படியில் நிற்கும்போது உங்கள் ஐஸ் சத்தம் கேட்டால் கரண்டியை வைத்துவிட்டுக் காவ்யா எங்கே என்று தேடுவேன். அதை நான் உங்களிடம் சரியாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இப்படி ஆகியிருக்காது.

டின்னைக் கேட்டீர்கள். அது இப்போது என்னிடம் இல்லை.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

வசுந்தரா


பசுமலை
12 பிப்ரவரி 2025, புதன்

வசு,

படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, மெசேஜும் வேண்டாம். போனில் பேசினால் பதிவாகிவிடும் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் போனை அணைத்து வைத்திருக்கிறேன். பேப்பரை எரித்துவிடலாம்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், முத்து பொடி சாப்பிட்டான். ஒன்பது இட்லி. பொடியைக் குவித்து, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் விட்டு, "மாப்ள, தங்கச்சி ஊர்ல இல்லாட்டியும் கை மணம் வீட்டுக்குள்ளயே நிக்குதுடா" என்றான். மதியமும் தயிர்சாதத்துக்கு அதைத்தான் தொட்டுக்கொண்டான். ஒரு மனுஷன் சாகக் கிடக்கிறான், நீ வண்டைப் பற்றிக் கவலைப்படுகிறாய். நானும் டீ வடிகட்டியில் சலித்துப் பார்த்தேன், ஒரு வண்டும் இல்லை. நேற்றும் இன்றும் அதைத்தான் சாப்பிட்டேன். இந்த வீட்டில் உன்னுடையது என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், கொட்ட மனசு வரவில்லை.

ஏழு மணிக்கு அவனுக்கு விஸ்கி சவர் போட்டேன். விஸ்கி அறுபது, எலுமிச்சை இருபத்தைந்து, பாகு இருபது, ஒரு முட்டை வெள்ளைக்கரு, மேலே என் பிட்டர்ஸ் மூன்று சொட்டு. எனக்கும் ஒன்று போட்டு வைத்து, பயத்தில் இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. அதற்கே நெஞ்சு படபடத்தது. அவன் ஒரே மடக்கில் முடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். போட்டுக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் முகம், கழுத்து, கண் எல்லாம் ரத்தச் சிவப்பு. "மாப்ள, என்னடா ஊத்துன" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பிறகு சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். வாந்தி எடுத்தான். எழுந்திருக்கப் போனவன் சுவரில் சரிந்து உட்கார்ந்தான், கண் மேலே போய்விட்டது. எனக்கு வந்ததேதான் அவனுக்கும், பத்து மடங்கு.

பைபாஸ் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் இருக்கிறான். பிரஷர் இறங்கிப்போய், இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. நேற்றுதான் கண் திறந்தான். இன்னும் பேசவில்லை. டாக்டர் என்ன குடித்தார் என்று கேட்டார். விஸ்கி என்றேன். வேறு ஏதாவது கலந்தீர்களா என்றார். எலுமிச்சம்பழம் என்றேன். பிட்டர்ஸைச் சொல்லவில்லை, வசு. வாய் வரவில்லை. விஷச் சாராயமாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஜெயக்கொடி ஐ.சி.யூ. வாசலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே குடிச்சீங்க? அவருக்கு மட்டும் ஏண்ணே இப்படி?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் கேன்டீன் பக்கம் போய்விட்டேன்.

நேற்று ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார், பேயாண்டி என்று பெயர். "பாட்டில் எந்தக் கடைல வாங்குனீங்க சார்? பில்லு இருக்கா? வீட்ல நீங்களா எதும் காய்ச்சுனீங்களா?" என்று கேட்டு, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கெமிஸ்ட்ரி வாத்தியார் என்றதும் பேனாவை நிறுத்தி என்னை ஒரு தடவை பார்த்தார்.

பிட்டர்ஸில்தான் ஏதோ இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் நிலவேம்போடு ஒரு வேர் கொடுத்தான், பெயர் கேட்காமல் போட்டுவிட்டேன். பாட்டிலை வாஷ்பேசினில் ஊற்றிக் கழுவிவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் கண் மருந்துக் குப்பி ஒன்றில் கொஞ்சம் எடுத்து வைத்தேன். காலேஜ் லேபில் பார்க்கலாம், ஆனால் நாலு பேர் என்ன என்று கேட்பார்கள். ஆகவே நானே பார்க்கப்போகிறேன். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, அதே அளவில், அதே பிட்டர்ஸோடு, இரண்டு கிளாஸ் முழுதாகக் குடிப்பேன். எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் தப்பு என் மேல் இல்லை. ஆகிவிட்டால், காரணம் தெரிந்துவிடும், டாக்டர்கள் முத்துவைக் காப்பாற்றுவார்கள். மேஜை மேல் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுத்தான் குடிப்பேன்.

தாழ்ப்பாளை நீக்கி வைப்பேன். காவ்யாவிடம் எதுவும் சொல்லாதே.

பாபு


பரமக்குடி
15 பிப்ரவரி 2025, சனி, மதியம் இரண்டேகால்

குடிக்காதீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரை கிளாஸைத் தொடாதீர்கள்.

உங்கள் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. உங்கள் போன் இன்னும் அணைந்தே இருக்கிறது. கனகா அக்கா மேலூரில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். என் தம்பி ரவிசங்கர் பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறான், மூன்று மணி பஸ்ஸில் வருகிறான். இதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகராதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நானே வந்திருக்க வேண்டும். வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் வண்டு என்று சொல்லிவிடுவேன். அதனால் முதலில் இது வரட்டும்.

உங்கள் பிட்டர்ஸில் ஒன்றும் இல்லை. அந்த வேரிலும் இல்லை. பொடியில் மருந்து கலந்திருக்கிறது. கலந்தது நான்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், குடிப்பவருக்கே தெரியாமல் குடியை மறக்கடிக்கலாம் என்று. பொங்கல் கழிந்த வாரம் அந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு லாட்ஜ் மாடிக்கு வரச் சொன்னார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஆள், நெற்றி நிறையத் திருநீறு. "மூலிகைதான்மா. கொழம்புலயோ பொடியிலயோ கலந்துருங்க. குடிச்சா கொமட்டும், அம்புட்டுத்தான். பத்தே நாள்ல அவரே வெறுத்துருவாரு" என்றார். பத்துப் பொட்டலம். வெள்ளைப் பொடி, வாசனை கிடையாது, பெயரும் போடவில்லை. என்னைப் போல இன்னும் மூன்று பெண்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு தைரியமே வந்தது.

இட்லிப் பொடியை நீங்கள் மட்டும்தான் தொடுவீர்கள். காவ்யாவுக்குக் காரம் ஆகாது, எனக்கு வயிறு எரியும். அதனால் பத்தையும் அதில் கொட்டிக் கலந்தேன். எவ்வளவு என்று அளக்கவில்லை. அளக்கத் தெரிந்தவர் நீங்கள்தான்.

முதல் தடவை நீங்கள் வாந்தி எடுத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். முதுகைத் தடவிக்கொண்டே சந்தோஷப்பட்டேன். இரண்டாவது தடவை முதுகைத் தடவப் போன கையை இழுத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை உங்கள் உதடு வெளுத்துப்போய்க் கண் சொருகியபோது காவ்யா கதவருகில் நின்று, "அப்பா செத்துருவாங்களாம்மா?" என்று கேட்டாள். அன்று உங்களிடம் கிளாஸைப் பற்றி அவ்வளவு சண்டை போட்டேனே, அது நான் ஊரைவிட்டு ஓட ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காக. விடிந்ததும் டின்னைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. பரமக்குடி ஆற்றுப் பாலத்தில் நின்று வைகையில் எறிந்தேன். எல்லாம் முடிந்தது, இனி ஒருத்தருக்கும் தெரியாது என்று வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். நான் ஆற்றில் போட்டது உங்கள் ஆரஞ்சுத் தோலை.

திங்கட்கிழமையே இதை எழுதியிருக்க வேண்டும். போலீஸுக்குப் பயந்தேன். அதைவிட உங்களுக்குப் பயந்தேன். வண்டு என்று எழுதினேன். நீங்கள் சலித்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

பாட்டிலை ரவியோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். டாக்டரிடம் என் பெயரைச் சொல்லியே கொடுங்கள். முத்து அண்ணன் பிழைக்க வேண்டும். மற்றது எதுவானாலும் சரி.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வசுந்தரா


பசுமலை
20 பிப்ரவரி 2025, வியாழன்

வசுந்தரா,

ரவி வரும்போது மணி ஆறு நாற்பது. கிளாஸில் ஐஸ் போட்டிருந்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்திருந்தேன். மேஜையில் நான் எழுதிய காகிதம், அதன்மேல் கண் மருந்துக் குப்பி. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் மூன்று தோசை சாப்பிட்டேன், உன் பொடியோடு.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ரவி "என்ன மாமா, அக்கா என்ன எழுதிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.  பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தோம்.

டாக்டர் பொடியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. குடியை நிறுத்தக் கொடுக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது, டாக்டர் மேற்பார்வையில் தரவேண்டியது, அதைப் பொடித்து மூலிகை என்று விற்கிறார்கள் என்றார். அது உடம்பில் இருக்கும்போது மது இறங்கினால் ரத்தத்தில் அசிட்டால்டிஹைடு என்கிற நச்சு சேர்ந்துவிடும். போர்டில் வருஷா வருஷம் நான் எழுதிப்போடுகிற சமன்பாடு. முகச் சிவப்பு, படபடப்பு, வாந்தி, ஒன்று விடாமல் என் உடம்பிலேயே வந்தும் எனக்குத் தோன்றவில்லை. உன் பொடியைச் சந்தேகிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நீங்கள் அந்த இரண்டு கிளாஸையும் குடித்திருந்தால் உங்களையும் அவர் பக்கத்தில் படுக்கவைத்திருப்போம், எழுந்திருப்பீர்களா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.  

முத்து பிழைத்துவிட்டான். திங்கட்கிழமை வீட்டுக்குப் போனான். இதயத்துக்கு ஆறு மாதம் மாத்திரை. "மாப்ள, ஒன் கஷாயம் என்னைய அனுப்பப் பாத்துச்சுடா" என்று சொல்லிச் சிரித்தான். மூச்சு வாங்கியது. இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை.

ஏட்டுக்கும் விஷயம் போய்விட்டது. அந்த லாட்ஜுக்குப் போனார்களாம், அறை காலி. உன்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் நானும் வருவேன்.

ஜிக்கர், ஷேக்கர் எல்லாவற்றையும் பரணில் போட்டுவிட்டேன். குடியை விட்டுவிட்டேன் என்று எழுதினால் உன் மருந்து வேலை செய்ததாக ஆகும். ஆகவே அப்படி எழுதவில்லை. பயத்தில் தொடவில்லை, அவ்வளவுதான். நீ ஐஸ் சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தாய். பதினோரு வருஷத்தில் இரண்டு வருஷம் அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டிருக்கிறது. நீ அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாய் என்று ஒரு நாளும் நான் நினைக்கவில்லை.

உன்னையும் குழந்தையையும் வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றை மறைத்துக் கூப்பிடக் கூடாது. இன்று காலை காபி போட்டேன். சர்க்கரை டின்னைத் திறந்து பார்த்து, மூடிவிட்டேன். கடையில் வாங்கிய புது பாக்கெட்டைப் பிரித்தும் போட மனம் வரவில்லை. உப்பு, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். நான்கு நாளாக வாழைப்பழமும் சீல் பிரிக்காத பாக்கெட் பிஸ்கட்டும்தான். உன்மேல் கோபமா என்று கேட்டால் அதுகூட இன்னும் வரவில்லை. நீ வந்து என் முன்னால் தட்டு வைத்தால் நான் கை வைப்பேனா என்று தெரியவில்லை. அதுதான் இப்போது எனக்குப் பயம்.

பாபு


பரமக்குடி
23 பிப்ரவரி 2025, ஞாயிறு

காவ்யாவின் அப்பாவுக்கு,

நேற்று சமயநல்லூர் போய் வந்தேன். மதுரையில் இறங்கியும் பசுமலைக்கு வரவில்லை. அவர்களிடம் சொல்லாமல் நம் வீட்டுக்கு வரக் கூடாது என்று நினைத்தேன்.

முத்து அண்ணன் படுத்திருந்தார். ஜெயக்கொடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அதை வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், நின்றுகொண்டே, எல்லாவற்றையும். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.  நான் கிளம்பும்வரை திரும்பவில்லை. அது சரிதான்.

ஜெயக்கொடி வாசல்வரை கூட வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தன் போனைத் திறந்து ஒரு நம்பரைக் காட்டினாள். "இதுவான்னு பாருங்கக்கா" என்றாள். அதேதான். "போன மாசம் சொவத்துல பாத்து ஏத்தி வச்சேன். போயிட்டு வர நேரம் கெடைக்கல, அதான் வாங்கல." என் முன்னாலேயே அதை அழித்தாள். பிறகு, "இனிமே வீட்டுக்கு வராதீங்கக்கா" என்றாள். டம்ளர் அவள் கையிலேயே இருந்தது.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. ஏட்டு கூப்பிட்டால் போகிறேன். நீங்கள் கூட வருவதாக எழுதியதை நாலைந்து தடவை படித்தேன்.

சர்க்கரை டின் பற்றி எழுதினீர்கள். உங்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவோம். கல்யாணமாகி இந்தப் பதினோரு வருஷமும் நீங்கள் கைகழுவிய பிறகுதான் நான் தட்டு எடுத்திருக்கிறேன். மரியாதை என்று நினைத்துச் செய்தேன். உங்களுக்கு மட்டும் ஒன்றைப் பரிமாறுவது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் நானும் காவ்யாவும் வருகிறோம். எதுவும் வாங்கிக்கொண்டு வரமாட்டேன். உளுந்து, மிளகாய், உப்பு எல்லாம் நீங்கள் உங்கள் கையால் வாங்கி வையுங்கள். வறுக்கும்போதும் அரைக்கும்போதும் பக்கத்திலேயே நின்று பாருங்கள். நான் முதலில் சாப்பிடுகிறேன், உங்கள் எதிரில், உங்கள் தட்டிலிருந்து. அரை மணி நேரம் என்னைப் பாருங்கள், ஒரு மணி நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். அன்று சாப்பிட முடியவில்லை என்றால் எழுந்துவிடுங்கள், மறுநாளும் நான் அப்படியே உட்காருவேன். எத்தனை நாளானாலும் சரி.

இட்லி மாவும் வாங்கி வையுங்கள். முதல் இட்லி எனக்கு.

வசுந்தரா